தீக்காவல்

வேலை முடிந்த பிறகுதான் என் வேலை.
கலிஸ்டஸ் முகமூடியைக் கழற்றி
ஆணியில் கொளுவிவிட்டு
பிளேன்டீ குடிக்கப் போய்விட்டான்.
அரை மணித்தியாலம் நான் நிற்க வேண்டும்,
ஒரு சிவப்பு உருளை, ஒரு வாளி மணலோடு
ஒன்றும் நடக்காததைப் பார்த்தபடி.

மட்டக்குளியில், தகரக் கூரைக்குக் கீழே,
ஓர் எஞ்சின் அறையைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.
உடைக்கப்போன இழுவைப் படகிலிருந்து
துண்டு துண்டாய் வந்தது.
ஏணி, பம்பு, வால்வு, குழாய்
எல்லாம் நிஜம்.
கடல் மட்டும் இல்லை.
அது களனி கலக்கும் பக்கம்
காற்றில் கொஞ்சம் உப்பாக வரும்,
போகும்.

பாடம் சிங்களத்தில், அளவு ஆங்கிலத்தில்,
சுட்டால் கத்துவது அவரவர் பாஷையில்.

காலையில் தகடு வெட்டினோம்.
சுவாலைக்குள் இருக்கும் நீலக் கூம்பு
பென்சில் முனையாய்க் கூரும்வரை திருகி,
இரும்பு செம்பரத்தை நிறம் தாண்டித்
தோடம்பழ நிறம் பிடிக்கும்வரை பொறுத்து,
அதற்குப் பிறகே ஒட்சிசனை அமத்த வேண்டும்.
பொறுக்காதவன் வெட்டு
எலி கடித்த பாண்.
என்னுடையது எலி கடித்த பாண்.

நேற்று லேத்தில் அதைவிட மோசம்.
இருபத்தைந்து மில்லிமீற்றர் கேட்டார்கள்,
இருபத்தைந்து தசம் இரண்டு நின்றது.
அந்தத் தசம் இரண்டையும்
டயலில் அப்படியே எடுத்துவிட்டேன்.
சுழலும் கம்பியில்
கத்தி ஒரு பக்கம்தான் தொடும்,
மெலிவது இரண்டு பக்கமும்.
கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது இது.
இருபத்துநான்கு தசம் எட்டு.
காலடியில் நீலம் பாய்ந்த சுருள்கள்;
அவற்றைத் திரும்ப ஒட்டும் மெஷின்
இந்தக் கொழும்பில் எங்கும் இல்லை.
பக்கத்து லேத்தில் நின்ற ஷிரோமி
சிரிக்கவில்லை.
அதுதான் சுட்டது.

கலிஸ்டஸின் கை வேறு.
வில்லின் நீளத்தை அவன் காதால் அளக்கிறான்,
வாழைக்காய் பொரியும் சத்தம்
கூடாமல் குறையாமல் போனால்
குச்சி சரியான தூரத்தில் இருக்கிறதாம்.
கசடைத் தட்டிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால்
உள்ளே பாரை மீன் செதிளாய்
அடுக்கடுக்காய் ஒரு தையல்.
எல்லோரும் அவனது வெளிச்சத்தைப் பார்க்கக் கூடுவார்கள்,
கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொண்டு.

வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பவன் தீக்காவல்காரன்.
பொறி எங்கே விழுகிறது என்பதுதான் அவனுக்குப் பாடம்.
மேலே போகிற பொறி அழகானது.
கீழே போகிறது
ஆணி கழன்ற ஓட்டையைத் தேடும்.

பதினான்காம் நிமிடம் துறைமுகத்தில் ஒன்று ஊதியது.
தளத் தகட்டில் காகம் நடந்தது,
சூடு தெரிந்து காலை மாற்றி மாற்றி வைத்தது.
கால் கடுத்தது எனக்கும்.
போய்விடலாம், யாருக்குத் தெரியும்,
என்று நினைத்தேன்தான்.

இருபத்திரண்டில் மணம்.
உம்மா சட்டையின் மேல்
இஸ்திரிப்பெட்டியை மறந்த மணம்.

தகட்டை நெம்பினேன். அடியில்,
எண்ணெய் குடித்த கொட்டன் துணியொன்றின் ஓரத்தில்
ஐந்து ரூபாய்க் குற்றி அளவு சிவப்பு,
மூச்சு விடுவதுபோல
விரிந்து, சுருங்கி, விரிந்து.
தீ என்று சொல்ல முடியாது.
இன்னும் இல்லை.

உருளையின் ஊசியை இழுக்கவில்லை.
ஒரு பிடி மணல் போட்டேன்.
பார்த்தேன்.
இன்னொரு பிடி.
துணியைக் குறட்டால் தூக்கி
மணல் வாளிக்குள் புதைத்தேன்.
கை அதன்பிறகுதான் நடுங்கியது.

மணிக்கூட்டைச் சைபரிலிருந்து தொடங்கினேன்.
அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை.

கலிஸ்டஸ் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
"முபாரிஸ், இன்னுமா நிக்கிறாய்? நேரம் போய்ட்டே."
"இன்னும் இருபத்தேழு இருக்கு."
அவன் தன் தையலைக் குனிந்து பார்த்தான்.
"நல்லா விழுந்திருக்கு, என்ன?"
நல்லாத்தான் விழுந்திருந்தது.
ஓம் என்றேன்.

படிவத்தில் குறிப்புக்கு விட்டது
ஒரு விரல் அகலக் கட்டம்.
மணல், இரண்டு பிடி,
என்று எழுதினேன்.
தசத்தில் கேட்கவில்லை.