மூன்றாவது பை

விரலி மஞ்சள், கால் கிலோ வீதம்.
பதிவேட்டில் இரண்டு பைதான் இருந்தது.

ஒன்று பொங்கியண்ணன், எழுமாத்தூர், மேல்காடு.
மற்றது அவர் தம்பி சம்சாரம் தெய்வாத்தாள், கீழ்காடு.
ஒரே கிணறு. ஒரே வாய்க்கால் முறை.
நடுவே முக்கால் அடிப் பொழி,
அதன்மேல் பதினோரு வருசமாய்ப் பேச்சில்லை.

அவர் உப்புப் போடுகிறவர்.
யூரியா, சூப்பர், பொட்டாஷ்
எங்கள் பக்கம் எல்லாமே உப்புத்தான்.
அந்தம்மா உப்பைத் தொடாது.
சாணி, ஆட்டுப் புழுக்கை, கொழிஞ்சித் தழை.
"விசத்தைத் திங்கறாங்க, திங்கட்டும்"
என்று அந்தம்மா சொன்னதாக
அவரே வந்து சொன்னார்.
"எதுல விசம்னு பாத்து எழுதிக் குடுங்க."

விசம் என்று எங்கள் படிவத்தில் கட்டமில்லை.
காட்மியம் உண்டு. ஈயம் உண்டு,
ரசம் வைக்கிற ஈயச்சொம்பு அல்ல, காரீயம்.
புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வரை சொல்வோம்.

பொடித்து, நிறுத்து, நைட்ரிக் அமிலத்தில் விட்டேன்.
மஞ்சள் போவதை நீங்கள் பார்க்க வேண்டும்.
செங்காவியாய்ச் சீறிப் பழுப்புப் புகை விட்டு
தாலிக்கயிற்றில் பூசியது,
புண்ணில் அப்பியது,
நோம்பிக்கு மாட்டுக் கொம்பில் தடவியது
எல்லாம் போய்
குழாய்த் தண்ணீர் மாதிரி ஒன்று மிஞ்சும்.
அதற்குள்தான் இருக்கிறது அவர் கேட்டது.

பொங்கியண்ணன் மஞ்சளில் காட்மியம் தூக்கல்.
எந்தக் கடலுக்கு அப்பால் வெட்டிய பாறையோ,
சூப்பராகி மூட்டையாகி வருகையில்
டிக்கெட் வாங்காமல் கூடவே ஏறியிருக்கிறது.
அளவுக்குள்தான்.
ஆனால் முப்பது வருச உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
மனுசரில் யாரோ, எனக்குத் தெரியாது;
மண் நினைக்கிறது.
யூரியா அதைப் புளிக்க வைக்கப் புளிக்க வைக்க
பிடித்து வைத்ததை வேருக்கு விட்டுக்கொடுக்கிறது.

தெய்வாத்தாள் மஞ்சளில் அது பாதிகூட இல்லை.
மக்கிய எரு கட்டிப் போட்டுவிடும்,
தும்பு போட்ட கன்று மாதிரி.
ஈயம்தான்
அவருடையதைப்போல மூன்று மடங்கு.
மறுபடி ஓட்டினேன். அதே.

போன் போட்டேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம்
ஒரு மாட்டுச் சத்தம்கூட இல்லை.
"ரெண்டு உருப்படியும் வித்து மூணு வருசமாச்சுங்க,
பையன் காலேஜுக்கு."
பிறகு தயங்கி,
டவுன் குப்பையில் சலித்த உரம்
நாலு லோடு இறக்கியதைச் சொன்னது.
"கருகருன்னு நல்லாத்தானுங்க இருந்துச்சு.
பேட்டரி கீட்டரி கெடந்தா
பொறுக்கி எறிஞ்சுருவனுங்க."

அப்புறம்தான் மூன்றாவது பையைக் கவனித்தேன்.
மற்ற இரண்டுக்கும் அடியில்
ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
துண்டுத் தாளில் பென்சிலால் 'பொழி' என்று மட்டும்.
அங்கே தானாய் முளைத்ததாம்.
நட்டவரில்லை, உரம் வைத்தவரில்லை.
அனுப்பியது நானில்லை என்று
இருவரும் தனித்தனியாகச் சத்தியம் செய்தார்கள்.

அதிலும் இருந்தது.
இரண்டும், கொஞ்சம் கொஞ்சம்.
எவ்வளவு என்று எழுதியிருக்கிறேன்.
ஏன் என்று எழுதவில்லை.

புதன்கிழமை வந்தார்கள்.
ஒரே டவுன் பஸ், முன்படி ஒருவர், பின்படி ஒருவர்.
அவர் அந்தம்மா தாளை எடுத்துப் படித்தார்,
அந்தம்மா அவருடையதை.
யாரும் சிரிக்கவில்லை.
"அப்ப எதைத்தானுங்க போடறது?"
கேட்டது எவரென்று நினைவில்லை.
நான் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் அறிந்தவள்,
குனிந்து ரசீது எழுதினேன்.

மூன்றாவது பைக்கு
ஆயிரத்து எண்ணூறு பாக்கி என்றேன்.
அவர் சட்டைப்பையைத் தடவினார்.
அந்தம்மா பர்ஸைத் திறந்தது.
தொள்ளாயிரம், தொள்ளாயிரம்.
மேசைமேல் வைத்தார்கள்,
ஒருவர் நோட்டு
இன்னொருவர் நோட்டில் படாமல்,
நடுவே முக்கால் சாண் விட்டு.