மாதிரி எண் 417

பாபநாசம் செக்கு எண்ணெய். அரை லிட்டர், அரக்கு முத்திரை.
புகார்: போன வருஷ ருசி இல்லை.
கொடுத்தவர் பட்டுலிங்கம், சைக்கிள் கடை.

முதலில் பழைய சோதனை.
அமிலத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை, எண்ணெயோடு குலுக்கி வைத்தேன்.
அடியில் செம்பருத்தி இறங்கிற்று.
எள்தான்.

பிறகு இயந்திரம். என் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுகொண்டே
காகிதத்தில் குன்றுகள் வரைந்தது:
பால்மிட்டிக் ஒன்பது,
பாமாயில் சேர்ந்திருந்தால் இது கோபுரமாகியிருக்கும்.
ஸ்டியரிக் ஐந்தரை, வெறும் திட்டு.
அப்புறம் ஒலீயிக், லினோலீயிக்.
எப்போதும் பின்னால் வருகிறவள்தான் ஒரு விரற்கடை உயரம்.
இந்த முறை முன்னவள் முந்திவிட்டாள்:
நாற்பத்துநாலு, முப்பத்தொன்பது.

நெல் தரிசில் மாசியில் விதைத்தது.
காய் முற்றிய சித்திரையில்
குடமுருட்டி வெறும் மணலாய்க் கிடந்ததை,
என் ஸ்கூட்டர் இருக்கை தொடையைச் சுட்டதை
இந்த ஐந்து சதம் குறித்து வைத்திருக்கிறது.

வெளியே செக்குக்காரர் அற்புதசாமி
திரும்பவும் கண்ணாடியைத் துடைக்கிறார்.

படிவத்தில் இரண்டே கட்டம்:
கலப்படம் உண்டு, கலப்படம் இல்லை.
இரண்டாவதில் குறியிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: வெயில்.
அழித்தேன்.

விதியில் கிடையாதுதான்,
புட்டியில் மிஞ்சிய சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன்.
பட்டுலிங்கம் சொன்னது சரி.