கையின் விலை

பெட்டியிலிருந்து தூக்கி எடுக்கவே நான்கு பேர்.
அச்சடிக்கும், நகலெடுக்கும், ஸ்கேன் செய்யும், ஃபேக்ஸும் அனுப்பும்.
"காப்பி மட்டும்தான் போடாது" என்றாள் ஸியூரி.
குத்தாய்சி குடிநீர்க் கட்டண அலுவலகத்தில்
ரியோனி ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம்
பழைய ரசீதுப் புத்தகங்களை நகர்த்தி
அதற்கு இடம் கொடுத்தோம்.
கம்பி எட்டவில்லை.
சுவரைத் துளைக்க அனுமதி கேட்டால்
பனிக்காலம் வந்துவிடும்.
ஆகவே காற்று வழி.

உள்ளங்கை அகலத் திரை. இரண்டே வரி.
தேடுகிறது, தேடுகிறது என்று புள்ளி வைத்தபடி
அக்கம்பக்கத்தை ஒவ்வொன்றாய்ச் சொன்னது:
பல் மருத்துவர் லோமித்ஸே,
கீழ்த்தளத்து ரொட்டி அடுப்பு,
"தொடாதே" என்று பெயர் வைத்திருக்கும் யாரோ,
கடைசியில், ஒற்றைக் கோட்டில் மூச்சு வாங்கியபடி, நாங்கள்.

கடவுச்சொல்?
பதினொரு கணினிக்கும் அது தெரியும்.
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
கேட்டால் வரிசையாய்க் கறுப்புப் புள்ளி காட்டும்.
வைத்தவன் மால்காஸ்.
போன வருடம் போலந்துக்குப் போனான், லாரி ஓட்ட.
ஏன் போனான் என்று
வாஜா முன்னால் யாரும் பேசுவதில்லை.

நான்தான் அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.
வார்ஸா தாண்டி எங்கோ மழை. வைப்பர் சத்தம்.
"எத்தேரி! சொல்கிறேன். பொத்தானை அழுத்துவது யார்?"
"இயக்குநர்" என்றேன்.
கொஞ்ச நேரம் வைப்பர் மட்டும் பேசியது.
"அப்படியா. நல்லது. எழுத்தெழுத்தாய்ச் சொல்கிறேன்."

மேலம்பு, கீழம்பு, சரி. விசைப்பலகை அவ்வளவுதான்.
ஓர் எழுத்துக்கு இருபது முறை கட்டைவிரல்.
எங்கள் முப்பத்துமூன்று எழுத்தில் ஒன்றும் அதற்குத் தெரியாது.
ஜார்ஜிய மொழிக்கு லத்தீன் சட்டை மாட்டித்தான்
உள்ளே விட வேண்டும்.

எஸ். ஏ. எம். ஐ.
"மூன்று" என்றார் வாஜா,
குறுக்கெழுத்துப் போடுகிறவரின் உற்சாகத்தோடு.
டி. வி. ஐ. எஸ்.
"மூன்று மாத..."
ஸியூரி ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
எக்ஸ். ஈ. எல்.
கை.

மூன்று மாதக் கை என்று உலகத்தில் ஒன்று கிடையாது.
ஆனால் எங்கள் மொழியில் சம்பளத்துக்குக்
கையின் விலை என்று பெயர்.
கை வந்துவிட்டது. விலைக்கு இன்னும் நான்கு எழுத்து.
அவர் கட்டைவிரல் அம்பின் மேலேயே நின்றது.

அறுபது நொடி சும்மா இருந்தால் திரை அணைந்துவிடும்,
முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்
என்று விளக்கப் புத்தகம் சொல்லியிருந்தது.
நான் மனசுக்குள் எண்ணினேன்.
ஐம்பதை நெருங்கும்போது
போனைப் பார்க்காமல் அவரே கேட்டார்:
"அடுத்தது எஃப்தானே?"
"எஃப்" என்றான் மால்காஸ்.
அதற்கடுத்த மூன்றை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
"கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது" என்றது போன்.
அதைத் தேடி அவர்
நட்சத்திரம், சதவீதம், டாலர் எல்லாவற்றையும் தாண்டி
வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

சரி.

நீல விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, பிறகு சிமிட்டாமல் நின்றது.
உள்ளே ஏதோ தொண்டையைச் செருமிக்கொண்டு
சோதனைத் தாள் ஒன்று சூடாக வந்து விழுந்தது.

"மாற்றிவிடு அதை" என்றார் என்னிடம்.
மாற்றலாம். மாற்றினால் பதினொரு கணினி,
வாசல் கேமரா, மீட்டர் பார்ப்பவர்களின் ஆறு கைபேசி,
இப்போது இதுவும்.
"அதற்கென்று இருந்த ஆள்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

"தாள் வந்ததா?"
மால்காஸ் இன்னும் இணைப்பில்தான் இருந்தான்.
"வந்தது."
"நிறமெல்லாம்?"
"மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது."
"போகப் போகச் சரியாகும்" என்றான்.
சுங்கச்சாவடி வந்துவிட்டதாம். வைத்துவிட்டான்.

கிழிப்பார் என்று நினைத்தேன்.
வாஜா அந்தத் தாளை நான்காய் மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார்.
மதியம் வரை கதவு திறக்கவில்லை.
புது இயந்திரம் மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல்,
அவ்வப்போது தானாக விழித்து
எதையோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
மறுபடி தூங்கியது.