இடதுகை முந்துகிறது

மெட்ரோனோமை அறுபதில் வைத்தேன்.
அறுபது என்றால் எனக்கு
மருந்து வேலை செய்து தூங்குகிற
ஒன்பதாம் கட்டில்காரரின் மணிக்கட்டு.

ஒன்று இரண்டு மூன்று நான்கு,
சுட்டுவிரல் நடுவிரல் மோதிரவிரல் சுண்டுவிரல்,
ஆறாம் கம்பியிலிருந்து ஒன்றாம் கம்பிவரை இறங்கி
ஒரு ஃபிரெட் தள்ளி மறுபடி ஏறணும்.
இது பாட்டு இல்லை.
பாட்டு வருவதற்கு முன்னால் வருகிற கூலிவேலை.

சுண்டுவிரலுக்கு மட்டும் சொல்பேச்சுக் கேட்கத் தெரியாது.
மோதிரவிரல் எழுந்தால் தானும் எழும்,
பந்தியில் பக்கத்து இலைக்காரன் எழுந்ததும்
பாயசத்தை விட்டுவிட்டு எழுகிறவன் மாதிரி.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு
இரண்டு தெரு தள்ளி மாடியறை.
எனக்குப் பகல் டியூட்டி,
செய்யதலி பாத்திமாவுக்கு ராத்திரி.
அவள் இல்லாத நேரம் அவள் கட்டிலில் கிட்டார் படுத்திருக்கும்.
ரூபன் ஸ்டான்லி துபாய்க்குப் போகையில்
ஆயிரத்து எண்ணூறுக்குத் தள்ளிவிட்டுப் போனது.
வயிற்றுப் பலகையில் இன்னமும்
யாரோ குழந்தை ஒட்டிய முயல் ஸ்டிக்கர்.

ஈரடுக்குப் பாலத்தில் போகும்போதெல்லாம்
கைகளைப் பற்றித்தான் யோசனை.
மேலே பஸ், கீழே சைக்கிள்,
அதற்கும் கீழே நாகர்கோவில் ரயில்.
ஒருத்தரையொருத்தர் பார்ப்பதே இல்லை,
இடிப்பதும் இல்லை.
என் கைகள் ஒரே கம்பியில் நின்று இடித்துக்கொள்கின்றன.

எண்பது.
இடதுகை முந்துகிறது.
விரல் எழுந்து போன இடத்தில் வந்து
பிக்கால் தட்டுகிறது வலதுகை,
வீடு காலி செய்தவர் பேருக்கு
மணியார்டரோடு நிற்கிற தபால்காரர் போல.
டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நூற்றிருபதைத் தொட்டால் இசையே கேட்காது எனக்கு.
கை தானாக ஆக்ஸிஜன் குழாயைத் தேடும்.
வேகம் மற்றவர்களுக்குத் திறமை.
எனக்கு அது
டாக்டரைக் கூப்பிட வேண்டிய எண்.

மூன்றாம் மாதம் விரல்நுனிகள் காய்த்தன.
பரிசு வாங்கியவள் மாதிரி பாத்திமாவிடம் நீட்டினேன்.
"ஏட்டி, காச்சது சரி.
இனி எந்த வெரல வச்சு நரம்பு பாப்ப?" என்றாள்.

உறைக்கவில்லை,
முக்கூடலிலிருந்து வயிற்றுப்போக்கில் வற்றி வந்த
பேச்சித்தாயின் கையை
என் இடது சுட்டுவிரல் தடவுகிறவரை.
நரம்பு இருந்தது. எங்கேயோ இருந்தது.
என் விரலுக்கும் அதற்கும் நடுவே
மூன்று மாதத்து அறுபதும் எழுபதும் எண்பதும்
தடித்துக் கிடந்தன.
இரண்டு முறை குத்தினேன்.
"வேற ஆளு இல்லியாம்மா" என்றாள், கோபமில்லாமல்.
வேறு ஆள் வந்தார். ஒரே குத்து.

அன்றிலிருந்து வலதுகையால் தேடுகிறேன்,
ஊசி இடதுகையில்.
முதலில் சாத்துக்குடி,
அப்புறம் பாத்திமாவின் கை,
அவள் திட்டத் திட்ட.
ரப்பர் பட்டையை இறுக்கிவிட்டு
மனசுக்குள் அறுபதில் எண்ணுவேன்.
அவசரப்பட்டால் இங்கேயும் டொக்தான்,
நீலமாக வீங்கும்.

கிட்டாரை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
நானும் விடவில்லை.

நேற்று ஞாயிறு. தெற்கே எங்கேயோ மழை,
ஜன்னல் வழியாக ஈரக்காற்று.
பாத்திமா ராத்திரி வேலை முடிந்து வந்து
துப்பட்டாவை முகத்தில் போட்டுத் தூங்கினாள்.
கம்பிகளுக்கடியில் கைக்குட்டை செருகி
எழுபத்திரண்டில் ஆரம்பித்தேன்.
மூன்றாம் சுற்றில் ஒரே ஒரு தடவை
இரண்டு கையும் சேர்ந்து வந்தன.
சுண்டுவிரல் தன் இலையிலேயே உட்கார்ந்திருந்தது.
கவனித்தேன்.
கவனித்ததும் போயிற்று.

நிறுத்த மறந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.
மேசையில் அது பாட்டுக்கு டிக் டிக்.
துப்பட்டாவுக்குள்ளிருந்து
தூக்கம் கலையாமலே பாத்திமா,
"எழுவத்திரெண்டு. ரெகுலர்."

புரண்டு படுத்தாள்.