எதிரி எண் மூன்று

பித்தப்பை அகற்றம் என்று
தட்டச்சிட்டது நான்தான்.
விலாவுக்குக் கீழே நான்கு துளை,
மூன்று நாள் படுக்கை,
காப்பீட்டில் கேட்ட தொகை நாற்பத்தெட்டாயிரம்.

அந்த மூன்று நாளும் பேச்சித்தாய்
கோட்டைவாசல் தாண்டி
ஆரியங்காவில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தாள்.
தோட்டத்துப் பேரேட்டில்
மலையாளத்தில் அவள் பெயர், பக்கத்தில் கைநாட்டு.

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
வாயு மாத்திரை பத்து கொடுத்து
அனுப்பியிருந்தோம்.

அரசு மருத்துவர் சான்றில் ஒரே வரி:
வயிற்றில் தழும்பு ஏதுமில்லை.

டாக்டருக்கு ஐந்தாண்டு.
எனக்கு இரண்டு,
அபராதம் கட்டாவிட்டால் இன்னும் மூன்று மாதம்.
செங்கோட்டைக் கோர்ட் ஜன்னலில்
புளியரைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது;
பாதி வாசிப்பில் யாரோ எழுந்துபோய்ச் சாத்தினார்கள்.

வேனில் ஏற்றுமுன் அவள் பக்கத்தில் வந்தாள்.
காறித் துப்புவாள் என்று குனிந்துகொண்டேன்.

"ஏ தம்பி,
அன்னைக்கு ஸ்கேன் எடுத்தீங்கள்லா,
அதுல கல்லு நெசமாவே இருந்துச்சா,
இல்ல அதுவும் நீ எழுதுனதா?
ராத்திரியானா இங்கன குத்துதுய்யா."

போலீஸ்காரர் தோளைத் தள்ளினார்.

இருந்தது.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
அந்தக் கோப்பில்
அது ஒன்றைத்தான்
பார்த்து எழுதினேன்.