அணைக்கும் பொத்தான்

அந்தச் செயற்கைக்கோள்
பதினொன்றே முக்கால் கிலோ.
என் அக்கா ஃபுளோரின்தாவின் இரட்டைப் பிள்ளைகளைச்
சேர்த்துத் தூக்கினால் அவ்வளவு இருக்கும்.
மேலே அனுப்பியவர்கள் வடக்கே, வெகு தூரத்தில்.
கேட்டவர்கள் நாங்கள்:
அந்தோஃபகாஸ்தாவுக்குப் பின்னால், உப்பு வெளியில்,
மழையின் சத்தம் அறியாத தகரக் கொட்டகையில்
இரவுப் பணிக்கு இருவர்,
நானும் நிகானோர் கீஸ்பேயும்.

ஒரு முறை கடக்க ஒன்பது நிமிடம்.
வரும்போது குரல் உயர்ந்திருக்கும், போகும்போது தாழும்;
அது கலாமா ரயிலுக்கும் உண்டு.
வடக்கே இருந்தவர்களுக்கு வேண்டியது வேறு.
பூமியின் நிழலுக்குள் போனதும்
சுருதி மயிரிழை இறங்கும்.
ஊசி அதைத் தாளில் கீறுமுன்
எனக்குத் தெரிந்துவிடும்.
"குளிருது அதுக்கு" என்பேன்.
நிகானோர் எழுதுவான்: மைனஸ் நான்கு.

எட்டாம் வாரம் பேட்டரி தீர்ந்தது.
வெற்றி என்று தந்தி வந்தது,
கூடவே ஒரு பெட்டி டப்பா பீச் பழம்.
நாடாச் சுருள்களைச் சணலால் கட்டி விமானத்தில் ஏற்றினோம்.
அவற்றில் என்ன இருந்ததென்று
இன்றுவரை எங்களுக்கு யாரும் எழுதவில்லை.

பிறகு ஜூலையில், பகல் பணியில்,
புதிய கோள் ஒன்றுக்காகக்
காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது
குறுக்கே அதே குரல்.
மேலே ஒட்டியிருந்த சூரியச் சில்லுகள்
பேட்டரியைக் கேட்காமலே
அதை எழுப்பிவிட்டிருந்தன.
வெளிச்சத்தில் பேசும், நிழலில் செத்துவிடும்.
ஆகவே குளிரைப் பற்றி
அதற்கு இப்போது ஒன்றும் தெரியாது.

வடக்கே கோபம்.
அலைவரிசை அடைபடுகிறது,
புதியதன் அளவுகள் கெடுகின்றன.
ஆணை வந்தது: நிறுத்துக.

எதை வைத்து?
வரைபடத்தை மேசையில் விரித்தோம்.
ஆன்டெனா நான்கு,
திருகாணி நூற்றுப் பன்னிரண்டு,
அணைக்கும் பொத்தான் மட்டும் இல்லை.
பேச வைப்பதே பெரும்பாடாய் இருந்த நாளில்
வாயை மூடுவதைப் பற்றி
எவனுக்கு யோசிக்க நேரம்?

இரண்டாம் தந்தி: புறக்கணிக்கவும்.

புறக்கணிக்கிறோம்.
நாள் தவறாமல், அது வரும் நேரம் பார்த்து,
படிவத்தில் 'குறுக்கீடு' என்ற கட்டத்தில்
மணியும் நிமிடமும் குறித்து.
ஓரத்தில் பென்சிலால்
நிகானோர் வெப்பத்தையும் எழுதிவைக்கிறான்.
அதற்குக் கட்டம் கிடையாது.

நேற்று முப்பத்தொன்று.
எங்கள் கொட்டகையைவிட
இரண்டு டிகிரி குறைவு.