கீழ்நோக்கிய அபாயங்கள்

மூன்றாம் பத்தியில் நிற்கிறேன்.
உப்புத் தேநீர் ஆடை கட்டி ஆறிவிட்டது.
உலான்பாட்டரின் கரிப்புகையில்
எதிர்க் கட்டடம் நான்காம் மாடியோடு முடிகிறது.

வளர்ச்சி: ஐந்து புள்ளி இரண்டு.
அந்த இரண்டுமேல் எனக்குத் தனிப் பிரியம்.
வெறும் ஐந்து என்றால் குத்துமதிப்பு என்பார்கள்.
புள்ளி இரண்டு சேர்ந்தால்
யாரோ அளந்திருக்கிறார்கள் என்று நம்புவார்கள்.
அளந்தது நான்தான்.
எதைக் கொண்டு என்று கேட்காதீர்கள்.

'அபாயங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்துள்ளன.'
காலாண்டுக்கு ஒருமுறை எழுதும் வாக்கியம்.
எவர் தலைமேல் சாய்ந்துள்ளன என்று
அது சொல்லாது.
செயப்படுபொருள் குன்றிய வினை.

இயக்குநரின் பெயர் எனெபிஷ்.
எங்கள் மொழியில் 'இது அல்ல' என்று பொருள்.
அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.
தேடிவரும் கெட்டது
தொட்டிலைப் பார்த்து, இது அல்ல போலும் என்று
திரும்பிப் போகட்டும் என வைத்த பெயர்.
ஐம்பத்தெட்டு வயதாகிறது அவருக்கு.
கெட்டது இன்னும் வழி தவறிக்கொண்டிருக்கிறது.

அதே முறையில்தான் என் வரைவையும் திருத்துகிறார்.
'தெற்கே அவர்கள் எல்லைக் கதவைச் சாத்தினால்'
என்று எழுதினால்,
'புறக் காரணிகள்' என்று ஆகிவிடும்.
அந்தப் புறக் காரணியில்
என் மைத்துனன் தாஷ்னியாம்
நான்கு நாளாக லாரியில் உட்கார்ந்திருக்கிறான்.
முன்னும் பின்னும் நிலக்கரி.
இஞ்சினை நிறுத்தினால் டீசல் உறையும்,
நிறுத்தாவிட்டால் டீசல் தீரும்.
ஏற்றுமதி என்ற சொல்லைத் தட்டும்போதெல்லாம்
அவன் அடுப்பில் நூடுல்ஸ் கொதிக்கும் சத்தம் கேட்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
'துக்ரிக் பெரும்பாலும் நிலையாக இருக்கும்.'
இது இரண்டாம் பத்தி, என் கைவரிசை.
எழுதிய மறுநாள் சாப்பாட்டு வேளையில்
சம்பளத்தில் பாதியை டாலராக மாற்றப் போனேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
என் கழுத்து அட்டையைப் படித்தாள்.
பலகையிலிருந்த விலையை அழித்து
எட்டு துக்ரிக் கூட்டி எழுதினாள்.
'உங்கள் பிரிவிலிருந்து இன்று நீங்கள் மூன்றாவது ஆள்' என்றாள்.
எங்கள் அறிக்கையை அவள் படிப்பதில்லை.
எங்களைப் படிக்கிறாள்.

பிற்பகல், துந்த்கோவியிலிருந்து செவெல்மா.
கால்நடைக் கணக்கெடுப்புக்காரி.
காற்று பாதி, குரல் பாதி.
போன வாரம் ஒருநாள் வெயில் அடித்ததாம்,
பனி உருகி, அன்றிரவே இறுகியதாம்.
நிலம் முழுக்கக் கண்ணாடி,
கண்ணாடிக்கு அடியில் புல்.
ஆடுகள் குனிந்து பார்க்கின்றனவாம்.
அவற்றுக்கும் அது ஒரு முன்கணிப்பு:
தெரிகிறது, எட்டவில்லை.

'இந்த வீட்டுக்காரர் கணக்கில் ஐநூற்றுப் பதினேழு' என்றாள்.
பிறகு கேட்டாள்:
'நிற்பவை மட்டுமா,
எழுந்திருக்காதவையும் சேர்த்தா?
படிவத்தில் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது.'

மூச்சு இருந்தால் சேருங்கள் என்றேன்.
அலுவலக வெப்பக் குழாய் என் முதுகுக்குப் பின்னால்
கணகணவென்று இருந்தது.
'மூச்சு இருக்கிறது' என்றாள்.
'ஆவியாகத் தெரிகிறது.
சாயங்காலம்வரை கேட்காதீர்கள்.'

மூன்றாம் பத்தியை அப்படியே எழுதினேன்:
'நாட்டின் கால்நடைகளில் எத்தனை
இப்போது எழுந்து நிற்கின்றன என்று
எங்களுக்குத் தெரியாது.'
எனெபிஷ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
அவர் பிறந்ததும் ஒரு கோவி மாவட்டத்தில்தான்.
'இது அல்ல' என்றார்.
தன் பெயரைத் தானே சொல்வது போல, மெதுவாக.
வெட்டவில்லை.
பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு
கோப்பைத் திருப்பித் தந்தார்.

அச்சுக்குப் போக இருபது நிமிடம்.
அந்தக் கேள்விக்குறியை அழிப்பதா,
அதையும் சேர்த்து அச்சடிப்பதா
என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
போன் அடிக்கிறது.
செவெல்மாவாகத்தான் இருக்கும்.
எடுத்தால் எண் குறையும்.